கிரஹாம் எண் முதல் ஒமேகா வரை: எழுதி முடிக்கவே முடியாத எண்களை கணிதம் எப்படி எழுதுகிறது?

2007-ம் ஆண்டு அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஒரு வினோதமான போட்டி நடந்தது. ஒரு கரும்பலகை. ஒரு பக்கம் எம்ஐடி தத்துவப் பேராசிரியர் அகஸ்டின் ராயோ, மறுபக்கம் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் தத்துவப் பேராசிரியர் ஆடம் எல்கா. இருவரும் மாறி மாறி எண்களை எழுத வேண்டும். யாருடைய எண்ணை அடுத்தவரால் தாண்ட முடியவில்லையோ, அவரே வெற்றியாளர். 'முடிவிலி' என்று எழுதக்கூடாது. 'நீங்கள் எழுதியதோடு ஒன்று' என்று தப்பிக்கவும் கூடாது.

எல்கா '1' என்று எழுதி ஆட்டத்தைத் தொடங்கினார். ராயோ பலகை நீளத்துக்கு 1, 1, 1 என்று வரிசையாக எழுதித் தள்ளினார். அடுத்து எல்கா செய்ததுதான் சுவாரஸ்யம். அந்த 1-களில் பாதியின் அடிப்பக்கத்தை மட்டும் ஒரே இழுப்பில் அழித்தார். அவ்வளவுதான், அந்த 1-கள் எல்லாம் ஆச்சரியக்குறிகளாக மாறிவிட்டன. கணிதத்தில் ஆச்சரியக்குறி என்றால் காரணீயப் பெருக்கம். அதாவது 5! என்றால் 5×4×3×2×1. புதிதாக ஒரு இலக்கம்கூட எழுதாமல், அழித்தே எண்ணைப் பல மடங்கு பெரிதாக்கிவிட்டார்.

பெரிய எண் எழுதுவது கை வலிக்க எழுதுகிற வேலை இல்லை, குறியீடு உருவாக்குகிற வேலை என்பது இதிலேயே புரிந்துவிடும். இது வெறும் விளையாட்டாகத் தெரியலாம். ஆனால், இந்தக் குறியீடுகளின் வழியே போய்க்கொண்டே இருந்தால் ஒரு வித்தியாசமான இடத்தில் போய் நிற்போம். சாதாரண முழு எண்களைப் பற்றிய ஒரு கேள்வி. அதற்குப் பதில் சொல்ல எண்கணிதத்தின் அடிப்படை விதிகள் போதவில்லை, முடிவிலியைத் துணைக்கு அழைக்க வேண்டியிருக்கிறது.

மணலை எண்ணிய ஆர்க்கிமிடீஸ்

கி.மு. 3-ம் நூற்றாண்டில் கிரேக்கர்களிடம் பெயர் இருந்த மிகப்பெரிய எண் 'மிரியட்', அதாவது 10,000. 'மணலை யாராலும் எண்ண முடியாது' என்று பலரும் சொல்லிக்கொண்டிருந்த காலம். சிரக்யூஸ் நகர மன்னர் கெலோனுக்கு ஆர்க்கிமிடீஸ் ஒரு நூல் எழுதினார். கடற்கரை மணல் என்ன, இந்தப் பிரபஞ்சம் முழுக்க மணலால் நிரப்பினாலும் எண்ணிக் காட்டுகிறேன் என்றார்.

மிரியட்டை மிரியட்டால் பெருக்கினால் 10 கோடி. அதையே புதிய 'ஒன்று' என்று வைத்துக்கொண்டு மறுபடி எண்ண ஆரம்பிப்பது, அது முடிந்ததும் அதன் முடிவையே அடுத்த 'ஒன்று' ஆக்குவது. இதுதான் அவருடைய உத்தி. அன்றைய கணக்குப்படி பிரபஞ்சத்தை நிரப்பத் தேவையான மணல், 1-க்குப் பின் 63 பூஜ்யங்கள் போட்டால் வருகிற எண்ணுக்குள் அடங்கிவிட்டது. அவர் உருவாக்கிய முறையோ 1-க்குப் பின் 80,000 லட்சம் கோடி பூஜ்யங்கள் வரை போகும்.

பெரிய எண்களுக்குப் பெயர் வைப்பது நமக்கும் புதிதில்லை. ஐ, அம், பல் என்று முடியும் எண்ணுப்பெயர்களுக்குத் தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரத்திலேயே விதி இருக்கிறது. தாமரை, வெள்ளம், ஆம்பல் என்று உரையாசிரியர்கள் அதற்கு உதாரணம் காட்டுகிறார்கள். அழகான பெயர்கள்தான். ஆனால் பெயர் வைத்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் பெயர் தீர்ந்துவிடும். 1-க்குப் பின் 100 பூஜ்யங்கள் கொண்ட எண்ணுக்கு 'கூகோல்' என்று பெயர் வைத்தது கணிதவியலாளர் எட்வர்ட் காஸ்னரின் 9 வயது உறவுக்காரப் பையன். அதுவும் ஒரு பெயர், அவ்வளவே. ஆர்க்கிமிடீஸ் கொடுத்தது பெயர் அல்ல, விதி. விதி என்றால் நாம் நிறுத்தும்வரை ஓடும்.

ஒரே ஒரு அம்பு என்ன செய்யும்?

கூட்டலைத் திரும்பத் திரும்பச் செய்தால் பெருக்கல். பெருக்கலைத் திரும்பத் திரும்பச் செய்தால் அடுக்கு. பள்ளிக்கூடம் இங்கே நின்றுவிடுகிறது. அடுக்கைத் திரும்பத் திரும்பச் செய்தால் என்ன?

கணினி அறிவியலாளர் டொனால்ட் நூத் 1976-ல் அதற்கு ஒரு எளிய குறியீட்டைக் கொடுத்தார். அது மேல்நோக்கிய அம்பு. ஒரு அம்பு என்றால் சாதாரண அடுக்கு. 3↑3 என்றால் 3×3×3, அதாவது 27.

இரண்டு அம்பு என்றால் அடுக்கின் மேல் அடுக்கு. 3↑↑3 என்றால் மூன்று 3-களை ஒன்றின் தலையில் ஒன்றாக ஏற்றி வைப்பது. இதில் மேலிருந்து கீழாகத்தான் கணக்கிட வேண்டும். கீழிருந்து போட்டால் 27×27×27, வெறும் 19,683-தான் வரும். மேலிருந்து போட்டால் 3-ன் 27-வது அடுக்கு: 76,25,59,74,84,987. அதாவது சுமார் 7.6 லட்சம் கோடி.

இன்னும் ஒரே ஒரு 3-ஐ ஏற்றி 3↑↑4 என்று எழுதிப் பாருங்கள். விடையில் சுமார் 3.6 லட்சம் கோடி இலக்கங்கள் இருக்கும். விநாடிக்கு ஒரு இலக்கம் என்று சோறு தண்ணீர் இல்லாமல் எழுதினாலும் முடிக்க 1 லட்சத்து 15 ஆயிரம் ஆண்டுகள் ஆகும். நாம் காணக்கூடிய பிரபஞ்சத்தில் உள்ள அணுக்களின் எண்ணிக்கையே சுமார் 81 இலக்கங்களில் அடங்கிவிடும் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

மூன்று அம்பு? 3↑↑↑3 என்றால் 3-களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய கோபுரம். கோபுரத்தின் உயரம் 7.6 லட்சம் கோடி. நாலாவது மாடியிலேயே நாம் மூச்சு வாங்கிவிட்டோம் என்பதை மறந்துவிட வேண்டாம்.

கின்னஸில் இடம்பிடித்த கிரஹாம் எண்

இப்படி எழுதுவதால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். ரொனால்ட் கிரஹாம் என்ற அமெரிக்கக் கணிதவியலாளருக்கு இது உண்மையிலேயே தேவைப்பட்டது.

ஒரு கனசதுரத்துக்கு 8 மூலைகள். எல்லா மூலைகளையும் ஒன்றோடொன்று கோடு போட்டு இணைத்தால் 28 கோடுகள். ஒவ்வொரு கோட்டுக்கும் சிவப்பு அல்லது நீலம் அடிக்கலாம். ஒரே தளத்தில் இருக்கும் நான்கு மூலைகள், அவற்றுக்கிடையே உள்ள 6 கோடுகளும் ஒரே நிறம் என்ற நிலை வராமல் வண்ணம் அடிக்க வேண்டும். மூன்று பரிமாணத்தில் முடியும். பரிமாணத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் யாராலும் முடியாது. அந்தக் கட்டம் எது?

விடை இந்த எண்ணுக்கு மேல் போகாது என்று ஒரு எல்லையைக் காட்டத்தான் கிரஹாம் எண் வந்தது. மார்ட்டின் கார்ட்னர் 1977-ல் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் இதை எழுத, 1980-ல் கின்னஸ் புத்தகத்திலும் ஏறிவிட்டது.

முதல் படி: 3↑↑↑↑3. நான்கு அம்பு. இரண்டாவது படியில், முதல் படியில் கிடைத்த எண் எவ்வளவோ அத்தனை அம்புகளை இரண்டு 3-களுக்கு நடுவே போட வேண்டும். மூன்றாவது படியில், இரண்டாவது படியின் விடை எவ்வளவோ அத்தனை அம்பு. இப்படியே 64-வது படியில் கிடைப்பதுதான் கிரஹாம் எண்.

இதன் முதல் இலக்கம் என்னவென்று யாருக்கும் தெரியாது. ஆனால் கடைசி இலக்கம் 7 என்று அடித்துச் சொல்லலாம். 3-ன் அடுக்குகள் 3, 9, 7, 1 என்ற கடைசி இலக்கங்களிலேயே சுற்றிச் சுற்றி வரும். 3-களால் ஆன கோபுரம் எப்போதும் அந்தச் சுற்றின் மூன்றாவது இடத்தில்தான் வந்து நிற்கும். 27-ம் 7-ல் முடிகிறது, 7.6 லட்சம் கோடியும் 7-ல் முடிகிறது, கிரஹாம் எண்ணும் அப்படியே.

வேடிக்கை என்னவென்றால், அந்த வண்ணப் புதிரின் உண்மையான விடை 13-ஆகக்கூட இருக்கலாம். 13-க்குக் குறையாது என்பது மட்டும்தான் கீழ்ப்பக்கம் நிரூபிக்கப்பட்டது. மேல் எல்லையை அதன்பிறகு குறைத்திருக்கிறார்கள். குறைத்த எல்லையும் எழுதி முடிக்க முடியாததுதான்.

அம்புகளும் தீர்ந்துபோனால்?

முக்கோணம், சதுரம் என்று வடிவங்களுக்குள் எண்ணை அடைக்கும் ஸ்டைன்ஹாஸ் - மோசர் முறை, அம்புகளைச் சங்கிலியாகக் கோக்கும் ஜான் கான்வேயின் முறை என்று வேறு குறியீடுகளும் உண்டு. ஒவ்வொன்றும் முந்தையது திணறும் இடத்தில் தொடங்கும். ஒவ்வொன்றும் கடைசியில் திணறும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 'ஒரு அம்பு' ஒரு மட்டம். 'இரண்டு அம்பு' அடுத்த மட்டம். 100 அம்பு நூறாவது மட்டம். இப்போது ஒரு புது விதி: என்ன எண் கொடுக்கிறீர்களோ, அத்தனை அம்பு. 5 கொடுத்தால் 5 அம்பு, 1000 கொடுத்தால் 1000 அம்பு.

இந்த விதி எத்தனையாவது மட்டம்? நூறாவது மட்டத்தை ஒரு கட்டத்தில் தாண்டிவிடும். கோடியாவது மட்டத்தையும் தாண்டிவிடும். 1, 2, 3 என்று எந்த எண்ணைச் சொன்னாலும் அது போதாது. எல்லா எண்களும் முடிந்தபின் வருகிற ஒரு 'எத்தனையாவது' நமக்கு வேண்டும். ஜெர்மனியின் ஹாலே நகரில் இருந்த கியார்க் கேண்டர் அதை 1880-களிலேயே தயார் செய்து வைத்திருந்தார். பெரிய எண்களுக்காக அல்ல, வேறு காரணத்துக்காக.

வரிசையின் கடைசியில் நிற்பவருக்கு என்ன டோக்கன்?

ஒரு ரேஷன் கடை வரிசையைக் கற்பனை செய்யுங்கள். 0, 1, 2, 3 என்று டோக்கன், வரிசைக்கு முடிவே இல்லை. எல்லோருக்கும் பின்னால் ஒருவர் வந்து நிற்கிறார். அவருக்கு எந்த எண்ணையும் தர முடியாது, எல்லாம் கொடுத்தாகிவிட்டது. அவருக்குக் கொடுக்கும் டோக்கன்தான் 'ஒமேகா'. அவருக்குப் பின்னால் வருபவர் ஒமேகா + 1. அடுத்து ஒமேகா + 2.

'எத்தனை பேர்' என்பது வேறு, 'எத்தனையாவது ஆள்' என்பது வேறு. ஒமேகா இரண்டாவது வகை. கணிதத்தில் இவற்றுக்கு வரிசை எண்கள் என்று பெயர். முடிவில்லாத வரிசைக்கு முன்னால் ஒருவர் புகுந்தால், எல்லோரும் ஒரு இடம் பின்னால் நகர்வார்கள், வரிசை பழையபடியேதான் இருக்கும். அதனால் 1 + ஒமேகா என்பதும் ஒமேகாதான். பின்னால் ஒருவர் சேர்ந்தால் கதையே வேறு. இப்போது வரிசைக்கு 'கடைசி ஆள்' என்று ஒருவர் வந்துவிட்டார். எனவே ஒமேகா + 1 புதிய எண். கூட்டலில் இடம் மாற்றினால் விடை மாறும் என்பதைப் பலரால் முதலில் ஜீரணிக்க முடியாது.

இப்படியே போனால் ஒமேகா × 2, ஒமேகாவின் வர்க்கம், ஒமேகாவின் ஒமேகா அடுக்கு என்று ஏறி, ஒமேகாக்களை முடிவில்லாமல் கோபுரமாக அடுக்கினால் வரும் இடத்துக்குப் பெயர் 'எப்சிலான் பூஜ்யம்'.

ஏறுவதற்கு முடிவே இல்லை. ஆனால் இறங்குவதற்கு உண்டு. எந்த வரிசை எண்ணில் இருந்தாலும் அதைவிடச் சிறியது, அதைவிடச் சிறியது என்று இறங்கிக்கொண்டே வந்தால், முடிவுள்ள படிகளில் 0-க்கு வந்தே ஆக வேண்டும். ஒமேகாவிலிருந்து ஒரு படி இறங்கினால் ஏதோ ஒரு சாதாரண எண்ணில்தான் கால் வைக்க முடியும். அது கிரஹாம் எண்ணாகவே இருக்கட்டும், அங்கிருந்து 0 வரை இறங்க முடிவுள்ள படிகள்தான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

முடிவிலியை ஏணியாக்குவது எப்படி?

வரிசை எண்களை வைத்து சாதாரண எண்களைப் பெரிதாக்கும் ஒரு ஏணியைக் கட்டலாம். மட்டம் 0: கொடுத்த எண்ணோடு 1 கூட்டு. மட்டம் 1: மட்டம் 0-ஐ, கொடுத்த எண் எவ்வளவோ அத்தனை தடவை செய். 3 கொடுத்தால் 6, அதாவது இரட்டிப்பு. மட்டம் 2: மட்டம் 1-ஐ அத்தனை தடவை செய். 3 கொடுத்தால் 6, 12, 24.

மட்டம் 3-ல் 3-ஐப் போட்டால், மட்டம் 2-ஐ மூன்று தடவை செய்ய வேண்டும். முதல் தடவை 24. இரண்டாவது தடவை 40,26,53,184. மூன்றாவது தடவை வரும் எண்ணில் 12 கோடியே 12 லட்சத்துக்கும் மேற்பட்ட இலக்கங்கள். 3-ஐ 2-ன் 40,26,53,211-வது அடுக்கால் பெருக்கினால் வருவது அது. இந்த எண் மறுபடி வரும்.

மட்டம் ஒமேகா என்றால்? கொடுத்த எண் எதுவோ அந்த மட்டத்துக்கு இறங்கிக்கொள். 3 கொடுத்தால் மட்டம் 3. 100 கொடுத்தால் மட்டம் 100. முடிவிலியிலிருந்து ஒரு சாதாரண எண்ணுக்கு எப்படி இறங்குவது என்று சொல்லும் இந்த வழிகாட்டிதான் குறியீட்டின் உயிர். அது இல்லாவிட்டால் ஒமேகா வெறும் அலங்காரம்.

கிரஹாம் எண் இந்த ஏணியில் எங்கே? மட்டம் ஒமேகா + 1-ல் 64-ஐப் போட்டால் கிரஹாம் எண்ணைத் தாண்டிவிடுவோம். கின்னஸ் சாதனை எண், முடிவிலிக்கு மேல் ஒரே ஒரு படியில் இருக்கிறது.

ஒரு சின்ன கணக்கு, ஒரு பெரிய அதிர்ச்சி

இப்போது முதலில் சொன்ன அந்தக் கேள்வி. 1944-ல் ரூபன் குட்ஸ்டீன் வெளியிட்டது.

4 என்ற எண்ணை 2-ஐ அடிமானமாக வைத்து எழுதினால் 2². இப்போது எங்கெல்லாம் 2 இருக்கிறதோ அங்கெல்லாம் 3 போட்டு, விடையில் 1-ஐக் கழியுங்கள். 3³ என்பது 27, ஒன்று போனால் 26. அடுத்து 26-ஐ 3-ஐ வைத்து எழுதி, 3-களை எல்லாம் 4 ஆக்கி, 1 கழித்தால் 41. அடுத்து 4-களை 5 ஆக்கினால் 60. பிறகு 83, 109 என்று போகும்.

ஒவ்வொரு தடவையும் அடிமானம் எகிறுகிறது, கழிப்பதோ வெறும் 1. எண் ஏறிக்கொண்டே போகும் என்றுதான் யாரும் சொல்வார்கள். குட்ஸ்டீன் நிரூபித்தது நேர் எதிர்: எந்த எண்ணில் ஆரம்பித்தாலும் இந்த வரிசை ஒருநாள் 0-க்கு வந்து நிற்கும்.

3-ல் ஆரம்பித்தால் 3, 3, 3, 2, 1, 0 என்று உடனே முடிந்துவிடும். 4-ல் ஆரம்பித்தால்? மேலே பார்த்த 12 கோடி இலக்க எண் நினைவிருக்கிறதா? அதே எண்தான். எண்ணும் முறையைப் பொறுத்து அதில் 2 அல்லது 3 குறையும், அத்தனை படிகள் கழித்துத்தான் 0 வரும். ஏணியும் இந்தக் கணக்கும் ஒரே எண்ணில் சந்திப்பது தற்செயல் இல்லை.

நிரூபணம் எப்படி? ஒவ்வொரு படியிலும் அடிமானம் இருக்கும் இடத்தில் ஒமேகாவைப் போட்டு நிழல்போல் ஒரு வரிசை எண்ணை எழுதிக்கொண்டே வர வேண்டும். 4-க்கு நிழல் ஒமேகாவின் ஒமேகா அடுக்கு. 26-க்கு நிழல், ஒமேகா வர்க்கம் × 2, அதோடு ஒமேகா × 2, அதோடு 2. 41-க்குப் போகும்போது கடைசி 2 மட்டும் 1 ஆகும். 60-ல் அந்த 1-ம் போய்விடும். அதாவது எண் ஏறுகிறது, நிழல் இறங்குகிறது. அடிமானத்தை மாற்றுவது நிழலைத் தொடாது, 1 கழிப்பது மட்டும் நிழலைக் குறைக்கும். இறங்கும் வரிசை எண்கள் முடிவுள்ள படிகளில் 0-க்கு வந்தாக வேண்டும் என்று பார்த்தோம். நிழல் 0 என்றால் எண்ணும் 0. கணக்கு முடிந்தது.

இதில் அதிர்ச்சி 1982-ல் வந்தது. லாரி கிர்பி, ஜெஃப் பாரிஸ் இருவரும் ஒன்றை நிரூபித்தார்கள்: குட்ஸ்டீன் தேற்றத்தை, முழு எண்களின் கூட்டல், பெருக்கல், கணிதத் தொகுத்தறிதல் ஆகியவற்றை உள்ளடக்கிய பியானோ விதிகளை மட்டும் வைத்து நிரூபிக்கவே முடியாது. தேற்றம் பேசுவது சாதாரண முழு எண்களைப் பற்றி. ஆனால் அந்த வரிசைகள் முடிய எடுத்துக்கொள்ளும் படிகளின் எண்ணிக்கை, பியானோ விதிகள் 'இது கட்டாயம் முடியும்' என்று உறுதி சொல்லக்கூடிய எல்லா மட்டங்களையும் தாண்டிப் போகிறது. அந்த எல்லை எங்கே என்றால், சரியாக எப்சிலான் பூஜ்யத்தில்.

அதே எப்சிலான் பூஜ்யம் 1936-லேயே ஒரு தடவை தலைகாட்டியது. எண்கணித விதிகளுக்குள் முரண்பாடு வராது என்பதை கெர்ஹார்ட் கென்ட்சன் நிரூபித்தபோது அவருக்குத் தேவைப்பட்ட கூடுதல் பலம், எப்சிலான் பூஜ்யம் வரையிலான இறக்கம் முடிவுள்ளது என்பதுதான்.

குறியீடே இல்லாத இடம்

எப்சிலான் பூஜ்யத்துக்கு மேலும் குறியீடுகள் உண்டு. ஆஸ்வால்ட் வெப்லன் 1908-ல் ஒரு முறையைக் கொடுத்தார், ஹைன்ஸ் பாக்மன் 1950-ல் அதை இன்னும் நீட்டினார். ஆனால் கணினி பின்பற்றக்கூடிய விதிகளை வைத்து எட்டக்கூடிய எல்லா வரிசை எண்களுக்கும் மேலே ஒரு சுவர் இருக்கிறது. அதற்கு சர்ச் - க்ளீனி வரிசை எண் என்று பெயர். அந்த இடத்துக்கு எந்தக் கணினி நிரலாலும் முழுமையான குறியீடு தர முடியாது.

அதைத் தாண்ட வேண்டுமானால் கணக்கிடுவதை விட்டுவிட்டு, வரையறுக்க மட்டும் செய்யலாம். எம்ஐடி போட்டியில் ராயோ ஜெயித்தது அப்படித்தான். கணக் கோட்பாட்டின் மொழியில் ஒரு கூகோல் குறியீடுகளுக்குள் குறிப்பிடக்கூடிய எல்லா முடிவுள்ள எண்களையும்விடப் பெரிதான எண்களில் மிகச் சிறியது எதுவோ, அது. எல்காவிடம் பதில் இல்லை. ஆனால் அந்த எண்ணைக் கணக்கிட வழியே கிடையாது.

கொஞ்சம் கைக்கு எட்டக்கூடியது 'பிஸி பீவர்'. 1962-ல் டிபோர் ராடோ அறிமுகம் செய்தது. சில நிலைகள் மட்டுமே கொண்ட மிக எளிய கணினிகளை எடுத்துக்கொண்டு, என்றாவது நிற்கக்கூடியவற்றில் அதிக படிகள் ஓடியது எது என்று பார்ப்பது. 2 நிலை என்றால் 6 படிகள். 3 நிலை என்றால் 21. 4 நிலைக்கு 107. ஐந்து நிலைகளுக்கான விடை 4,71,76,870 என்று 2024-ல்தான் நிரூபணமானது. ஆறு நிலைக்கு, 10↑↑15-ஐத் தாண்டும் என்பது 2022-லேயே தெரிந்துவிட்டது. நூத்தின் அம்புகள் இல்லாமல் இதை எழுதக்கூட முடியாது.

ஆறு நிலைக்கு முழு விடை கிடைக்காமல் இருப்பதற்கு ஒரு காரணம், 'ஆன்டிஹைட்ரா' என்று பெயரிடப்பட்ட ஒரு இயந்திரம். அது செய்வது இதுதான்: 8-ல் தொடங்கு. ஒன்றரை மடங்காக்கு, அரை வந்தால் விட்டுவிடு. 8, 12, 18, 27, 40, 60, 90, 135 என்று போகும். ஒற்றைப்படை எண்கள் வந்த எண்ணிக்கை, இரட்டைப்படை எண்கள் வந்த எண்ணிக்கையின் இரு மடங்கை என்றாவது தாண்டினால் இயந்திரம் நின்றுவிடும். தாண்டவே தாண்டாது என்றுதான் கணிதவியலாளர்கள் நினைக்கிறார்கள். நிரூபணம் இன்னும் யாரிடமும் இல்லை.